சக்கர நாற்காலியில் ஒரு தேர்வு

நீலக் கோட்டின் பையில் கைவிட்டால் காகிதக் கூழ்தான் வந்தது. இன்றைய செய்முறைத் தேர்வுக்கான அறை எண் அந்தச் சீட்டில்தான் இருந்தது. அம்மா நேற்று கோட்டைத் துவைத்துவிட்டாள். நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் 'பயிற்சி மாணவி' என்ற எழுத்தும் சோப்புத் தண்ணீரோடு போயிருந்தது.

அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் வைத்த பெயர் கனவுராணி. பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான், தான் அடுப்பு முன்னால் நிற்பதே அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் பத்தாவது முடித்ததும், கூடப் படித்தவர்கள் போன வழியில் போகாமல், நோயாளிப் பராமரிப்புத் தொழிற்படிப்பில் சேர்ந்தாள்.

"தன் செருப்பு எங்கன்னே தெரியாது. இவ அடுத்தவங்களைப் பாத்துக்கப் போறாளாம்" என்றார் மாமா.

இந்தத் தேர்வில் தவறினால் படிப்பு போதும், மாமாவின் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். அவளுக்கோ இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அவள் முழு விழிப்போடு ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

முதியோர் இல்லத்தின் நீண்ட தாழ்வாரத்தில் காலை வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. திரைச்சீலைகள் தூங்குகிறவர்களைப் போல மெதுவாக உப்பி அடங்கின. தலைமை நர்ஸிடம் அறை எண்ணைக் கேட்டால் கவனக்குறைவுக்கு மதிப்பெண் போய்விடும். போன வருஷம் படித்த ஒரு அக்கா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. தேர்வாளரே நோயாளி மாதிரி ஒரு அறையில் உட்கார்ந்திருப்பாராம்.

ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள். எல்லாரும் போர்வைக்குள் இருந்தார்கள். ஏழாம் அறையில் மட்டும் ஜன்னலோரம் ஒரு பெரியவர், படிய வாரிய தலையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த எழுதும் அட்டையைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்க மேடம்."

மேடமா? மனிதர் என்னமாய் நடிக்கிறார் என்று வியந்துகொண்டே உள்ளே போனாள்.

தொடுவதற்கு முன் அனுமதி கேள் என்பது முதல் பாடம். சட்டைப் பித்தானைப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவரே போட்டுவிட்டார், ஒன்று தள்ளி ஒன்றாக. சரிசெய்யக் கையை நீட்டினால், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து போட்டார். அவரால் முடிந்ததை நீ செய்யாதே என்பது மூன்றாம் பாடம். பொறி வைத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்துபோனது. 'தானே செய்தார்' என்று எழுதினாள். எட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

குடிக்கத் தண்ணீர் ஊற்றப் போனாள். கூஜாவைப் பிடுங்கி அவரே அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். பாதி டம்ளரில், பாதி அவள் காலில். துடைக்கக் குனிந்தால், துண்டோடு அவர் முந்திக்கொண்டார். 'தானே துடைத்தார்' என்று அதையும் எழுதினாள். ஆனால் இதுவரை தான் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லையே, எதற்கு மதிப்பெண் போடுவார்? ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உக்காருங்க சார், வெளிய ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"எனக்கெதுக்கு மேடம் இது? நீங்க உக்காருங்க. நான் தள்ளிக் காட்டறேன்."

நோயாளியின் விருப்பமே முதன்மை என்பது ஐந்தாம் பாடம். ஆனாலும் புத்தகத்தில் இதற்குப் பக்கமே இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலி நகர்ந்தது. வெயில் கட்டங்கள் ஒவ்வொன்றாக மடியில் ஏறி இறங்கின. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். தேர்வும் கடையும் மாமாவும் மறந்து, அவள் மிதந்துகொண்டு போனாள். தரை துடைக்கும் அக்கா துடைப்பத்தைத் தூக்கி வழிவிட்டபோதும் உறைக்கவில்லை. மருந்து அறை வாசலில் தலைமை நர்ஸ் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்ததும்தான் தரைக்கு வந்தாள். போச்சு, இனி கடைதான்.

தாழ்வாரத்தின் கோடியில், வாசல் கண்ணாடிக் கதவின் முன்னால் நாற்காலி நின்றது. வெளியே தெரு தெரிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டார். எத்தனையாவது பாடம் என்று யோசிக்காமல் எழுந்து, அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேர்வு முடிவைக் கேட்டுவிடலாம் என்று அவள் துணிந்து வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"மேடம், நான் பாஸா? தனியா சமாளிச்சுக்குவேன்னு நீங்க எழுதிட்டா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல?"