மிகப் பெரிய மேப்

என் மனைவியை ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சண்டையில் இல்லை. சண்டையில் அது நடக்காது என்பது கல்யாணமான முதல் மாதமே எனக்கு விளங்கிவிட்டது. நான் குறி வைத்தது ஒப்பந்தத்தில். ஒப்பந்தம் என்றால் கத்த வேண்டாம், அழ வேண்டாம், யோசித்தால் போதும். யோசிப்பதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு அப்போது இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள்தான் என் வாசம். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர், தலைக்கு மேலே லிஃப்ட், காலுக்குக் கீழே கிரீஸ். கையை நீட்டிச் சோம்பல் முறிக்கக்கூட இடம் கிடையாது. மேலே நிற்கிறவர்கள் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று குனிந்து கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் குனிவார். ஏழாவது நாள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளே இல்லாத இடமாக ஏதாவது கிடைக்காதா என்று மனசு ஏங்கும்.

அந்த இடத்தை எனக்குக் காட்டியவர் எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கம்ப்யூட்டரில் ஆடுகிற விண்வெளி விளையாட்டு. ஒரே ஒரு கிரகத்தோடு ஆரம்பிக்க வேண்டும். கப்பல் கட்ட வேண்டும். பக்கத்துக் கிரகங்களைப் பிடிக்க வேண்டும். கடைசியில் அண்டம் முழுவதும் நம்முடையது. வீட்டில் ஒரு நாற்காலிகூட என் இஷ்டப்படி நகராத எனக்கு இது போதாதா? ஒட்டிக்கொண்டேன்.

என் மனைவிக்கு வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கிற வேலை. ஆறு நாளும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரில் உள்ளவர்களின் திட்டையெல்லாம் வாங்கிக்கொள்வாள். அவள் தலைமுடியில் ஹெட்போன் அழுத்திய தடம் ஞாயிற்றுக்கிழமைகூட அழியாது. ஆனால் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஓடாது. நான்தான் அதைப் பழுது பார்த்தேன். திரும்ப மூடியபோது கையில் மூன்று திருகாணி மிஞ்சியது. அன்றிலிருந்து அதன் மேல் பூந்தொட்டி இருக்கிறது, துணியெல்லாம் கையால்தான் துவைக்கிறோம்.

இதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

"ஏங்க, பெட்ஷீட் பிழியணும். ஒரு முனையைப் பிடிங்க."

"இரு, எதிரி வந்துட்டான்."

"எங்கே?"

"மூணாவது கிரகத்துல."

"அவன் அங்கேயே இருக்கட்டும். பெட்ஷீட் இங்கே இருக்கு."

போய்ப் பிழிந்துவிட்டு வருவேன். மூன்றாவது கிரகம் போயிருக்கும். அடுத்த வாரம் ஜன்னல் துடைக்கக் கூப்பிடுவாள். தலைநகரமே போய்விடும். இப்படித் திரைச்சீலைக்கும் தலையணை உறைக்கும் நான் பறிகொடுத்த ராஜ்யங்களுக்குக் கணக்கே இல்லை.

மாடிப்படியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தபோது இதைச் சொல்லி அழுதேன்.

"ஆட்டம் ஆரம்பிக்கறப்ப மேப் என்ன சைஸ்னு கேக்குமே, என்ன போடறீங்க?" என்றார்.

"அதுவா என்ன போட்டிருக்கோ அதுதான்."

"அடப் பாவமே! சின்னது போடுங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுடும். நான் சின்னதுதான். மத்தியானம் என் வீட்டம்மா கண்ணு முழிக்கறதுக்குள்ள அண்டத்தைப் பிடிச்சு, கம்ப்யூட்டரை அணைச்சு, மூடி வச்சுடுவேன்."

"சின்னதுல பக்கத்துலேயே எதிரி இருப்பானே?"

"இருப்பான். கால் மணி நேரத்துல கதவைத் தட்டுவான்."

"பெருசு போட்டா?"

"பெருசுல அவன் வந்து சேர்றதுக்கே யுகம் ஆகும். ஆட்டம் முடியவே முடியாது. வேணாங்க, கட்டி மேய்க்க முடியாது."

அவர் எச்சரிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு 'முடியவே முடியாது' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. திட்டம் அந்தப் படியிலேயே உருவாகிவிட்டது. என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

"ஏம்மா, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமா?" என்றேன்.

"சொல்லுங்க."

"ஒரே ஒரு ஆட்டம் நான் நிம்மதியா ஆடணும். அந்த ஒரு ஆட்டம் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை என்னை எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது."

"ஒரே ஒரு ஆட்டம்தானே?"

"ஒண்ணே ஒண்ணு. அது முடிஞ்சதும் உனக்கும் அதே சலுகை. நீ எதை ஆரம்பிச்சாலும் சரி, அது முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வேலை மொத்தமும் என்னோடது."

அவள் எதை ஆரம்பிப்பாள் என்றும் நான் யோசித்து வைத்திருந்தேன். மிஞ்சிப்போனால் ஒரு சினிமா. அதுவும் என் ஆட்டம் முடிந்தால்தானே!

புகார் கேட்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்வார்கள். அவள் முகத்தில் அந்த ஆபீஸ் களை வந்தது.

"நீங்க சொன்னதை ஒரு தடவை உறுதி பண்ணிக்கறேங்க. உங்க ஆட்டம் முடியற வரைக்கும் வேலை என்னோடது. அப்புறம் நான் எதை ஆரம்பிச்சாலும் அது முடியற வரைக்கும் வேலை உங்களோடது. எதுவா இருந்தாலும். சரிங்களா?"

"எதுவா இருந்தாலும்!" என்றேன் தாராளமாக. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நடுவில் இவள் வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, ஆட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டால்? "ஆனா பாதியில நிறுத்தினா செல்லாது. ஜெயிக்கணும், இல்லேன்னா தோக்கணும். முறையா முடியணும்."

"பாதியில நிறுத்தினா செல்லாது. ரெண்டு பேருக்கும் இதே நிபந்தனைதானே?"

"ரெண்டு பேருக்கும்."

"வேற ஏதாவது சேர்க்கணுங்களா?"

"இல்லை."

"நன்றிங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேப் அளவு என்ன என்று கேட்டது. சின்னப் பெட்டி ஒன்று திறந்து நான்கு வரி காட்டியது. சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது. கடைசி வரியை அமுக்கினேன். எத்தனை எதிரி என்றும் கேட்டது. ஒரே ஒரு எதிரி, மஞ்சள் நிறம், அண்டத்தின் அந்தக் கோடி. இந்தக் கோடியில் நான். அவள் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு பின்னால் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுதான் இருக்கறதுலேயே பெருசாங்க?"

"பிரபஞ்சமே இவ்வளவுதான்."

"ஓ" என்று துணி மடிக்க ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு ஞாயிறு சொர்க்கம். எவனும் வரவில்லை. எவனும் குனிந்து கேள்வி கேட்கவில்லை. கருநீல வானத்தில் என் கப்பல் மட்டும் தனியாக ஊர்ந்தது. பக்கத்து அறையில் பக்கெட் சத்தம் கேட்டது. அது வேறு யார் வீட்டுச் சத்தமோ என்று இருந்தேன்.

கிரகங்கள் சேர ஆரம்பித்தன. பிடிக்க எதிர்ப்பு இல்லையே, கை நீட்டினால் கிரகம். பத்து இருபதாயிற்று, இருபது நூறாயிற்று. அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, கிரகம் என்றால் அதில் ஆட்கள் இருப்பார்கள். ஆட்கள் இருந்தால் குறை இருக்கும். இந்தக் கிரகத்தில் தண்ணீர் வரவில்லை. அந்தக் கிரகத்தில் சாப்பாடு போதவில்லை. இங்கே குப்பை சேர்ந்துவிட்டது. அங்கே கூரை ஒழுகுகிறது. ஒரு கிரகத்துக்குத் தண்ணீர் விட்டுத் திரும்பினால் நாற்பது கிரகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. ஒரு ஞாயிறு பூராவும் நான் நூற்றுச் சொச்சம் கிரகத்தில் குப்பை அள்ளினேன். வீட்டு வேலைக்குப் பயந்து ஓடி, அண்டத்துக்கே வீட்டு வேலை செய்துகொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கும். எதிரி ஏதாவது மிரட்டுகிறான் போலிருக்கிறது என்று அதைத் தொடவே மாட்டேன். மிரட்டலைக் கேட்க எனக்கு எங்கே நேரம்?

முதுகு வலித்தது. கண் எரிந்தது. திங்கட்கிழமை லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் 'அப்பாடா, சின்ன இடம்' என்று நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த அன்றுதான் எனக்கே என் மேல் இரக்கம் வந்தது. அந்த வாரத்தில்தான் குளியலறை ஜன்னல் கம்பி ஒன்று வளைந்திருப்பதையும் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மறந்தும் போனேன்.

ஜெயித்து முடிப்பது ஆகாத காரியம். சரி, தோற்றுத் தொலையலாம் என்று முடிவு செய்தேன். என் கப்பல் எல்லாவற்றையும் திரட்டி மஞ்சள்காரன் மேல் படையெடுக்க அனுப்பினேன். நாலு உதை வாங்கிக்கொண்டு வரும், அவனும் பின்னாலேயே வந்து என்னை முடித்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். கப்பல் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு பார்த்தால் பாதி வழிகூடத் தாண்டவில்லை. அதற்குள் எரிபொருள் தீர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. தோற்பதற்குக்கூட அந்த மேப்பில் வழி இல்லை.

வெட்கத்தை விட்டுவிட்டுப் பேசினேன்.

"ஏம்மா, இந்த ஆட்டத்தை இதோட விட்டுடறேன்."

"பாதியில நிறுத்தினா செல்லாதுன்னு பதிவாயிருக்கேங்க."

"அது நான் சொன்னதுதானே? நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

"வேற ஏதாவது சேர்க்கணுமான்னு அன்னிக்கே கேட்டேன். இல்லைன்னு சொல்லிட்டீங்க."

"என்னால முடியலை. முன்னூறு கிரகம்! ஒவ்வொண்ணும் ஒரு குறை சொல்லுது. யார் கேக்கறது இத்தனை பேரோட புகாரை?"

சொன்ன பிறகுதான் யாரிடம் இதைச் சொல்கிறேன் என்று உறைத்தது. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. யாருக்காக என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"தள்ளுங்க, பாக்கறேன்" என்றாள்.

நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன்.

"ஓரத்துல ஏதோ மினுக்குதே?"

"அது எதிரி. தொடாதே."

"ரொம்ப நாளா லைன்ல காத்துக்கிட்டிருக்கார் போலிருக்கேங்க" என்று மஞ்சள் விளக்கை அமுக்கினாள்.

மஞ்சள்காரன் முகம் வந்தது. மிரட்டவில்லை. அவனும் களைத்துப்போயிருந்தான். இரண்டு பேரும் கூட்டணி வைத்துக்கொள்ளலாமா, சம்மதம் என்றால் இருவருக்கும் வெற்றி, ஆட்டம் நிறைவு என்று கேட்டுக்கொண்டு நின்றான். எத்தனை வாரமாக நின்றானோ!

"காத்திருந்ததுக்கு நன்றிங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சம்மதம் என்ற பொத்தானை அமுக்கினாள்.

வாணவேடிக்கை வெடித்தது. வெற்றி என்று பெரிய எழுத்தில் வந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முன்னூறு கிரகமும் என் தோளிலிருந்து இறங்கிப் போயின. அவள் காலில் விழாத குறை.

"முறையா முடிஞ்சுதுங்களா?" என்றாள்.

"முடிஞ்சுது! தாயே, ஜோரா முடிஞ்சுது!"

"அப்ப இனிமே நான் ஆரம்பிக்கறது."

"தாராளமா! என்ன படம் பாக்கறே? போட்டுத் தரேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொடுக்கினாள். புதிய ஆட்டம் என்பதை அமுக்கினாள்.

நான் அவசரமாகக் குனிந்தேன்.

"இதுவா? இது வேணாம்மா. கிரகத்துல எல்லாம் ஒரே குறை..."

"கவர்னர் போட்டுட்டா அவங்களே பாத்துக்குவாங்களே. அந்தப் பொத்தான் மேலேயே இருக்கு. துணி மடிக்கறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

மேப் அளவு கேட்டது. அதே சின்னப் பெட்டி. அதே நான்கு வரி.

"சின்னது போடு" என்றேன். "பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுடும். எதிர்வீட்டுக்காரர்கூட அதுதான் போடறாராம்."

அவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மிகப் பெரியது என்பதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி மேலே ஏறி வந்தது. எல்லையற்றது.

"இதுக்குக் கீழேயும் ஒண்ணு இருக்கேங்க. நீங்க இழுத்துப் பாக்கலையா?"

நான் குளியலறைக்குப் போனேன். பக்கெட்டில் இரண்டு பெட்ஷீட் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கினேன். என்னைவிடக் கனம். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை தரையில் கிடந்தது. அதைப் பிடித்தால் இது விழுந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

"ஏம்மா, இன்னொரு முனையை யார் பிடிக்கிறது?"

நாற்காலி நகரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஜன்னல் கம்பியில கட்டிட்டுப் பிழிங்க. உங்க ஆட்டம் முடியற வரைக்கும் நான் அப்படித்தான் பிழிஞ்சேன்."