ஜலஜோதியாரின் தண்ணீர் வண்டி

பெட்ரோல் தீர்ந்துபோன ஊரில் எதை வேண்டுமானாலும் விற்கலாம். ஜலஜோதியார் தண்ணீரை விற்றார்.

எங்கே விற்றார் என்பதுதான் அழகு. மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்கிலேயே விற்றார். முதலில் வாரம் ஒருமுறை பெட்ரோல் லாரி வந்துகொண்டிருந்தது. அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் லாரிக்கே டீசல் இல்லை என்ற தகவல் மட்டும் வந்தது. பங்க் முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு போனார். அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஜலஜோதியார் வந்தார். கூரைக்கு நீல வண்ணம் அடித்தார். காய்ந்துபோன பம்புகளுக்கு நீலப் பட்டு சுற்றினார். "நீரே நெருப்பு! நம்பினால் ஓடும்!" என்று வாசலில் பலகை வைத்தார். பெட்ரோலுக்கு நின்று பழகிய ஜனம், பலகையை முழுசாகப் படிப்பதற்குள் வரிசை கட்டிவிட்டது. நின்ற பிறகுதான், "எதுக்குங்க இந்த வரிசை?" என்று முன்னால் இருந்தவரின் தோளைத் தட்டிக் கேட்டது.

ஆளைப் பார்த்தாலே பாதி மயக்கம் வரும். உடம்பில் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொப்புள் வரை தொங்கும் மணிமாலை. படித்தவன் யாராவது கேள்வி கேட்டால், "இது அறிவுக்கு எட்டாத அருள், மகனே" என்று மணியை உருட்டுவார். பக்தன் வந்து காலில் விழுந்தால், "ஹைட்ரஜனைத் தனியாகப் பிரிக்கிறோம்" என்று கோட்டைச் சரிசெய்வார். இந்தப் பக்கம் மடக்கினால் அந்தப் பக்கம் நழுவலாம். வழுக்கைத் தலைக்கு முடி வளர்க்கும் தைலம் விற்ற நாளிலேயே கைவந்த வித்தை அது.

அற்புதம் தினமும் சாயங்காலம் நடக்கும். பங்க் நடுவில் ஒரு வெள்ளை வேன். கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து டேங்கில் ஊற்றுவார். ஜலஜோதியார் மூடியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடுவார். சாவியைத் திருகுவார். வேன் உறுமும். பங்க்கை மூன்று சுற்று சுற்றிவிட்டு நிற்கும். கைதட்டல் காதைப் பிளக்கும். அடுத்த நிமிடமே 'அருள் நீர்' கேன்கள் விற்றுத் தீரும்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவன்தான் நம் டாக்ஸிக்காரன். கெட்டவன் இல்லை. பாடுபடுகிறவன். மாதக்கணக்கில் சவாரி இல்லாமல் வண்டி வீட்டு வாசலில் தூங்கியதில் இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. தூக்கம் இல்லாதவனை ஏமாற்றுவது சுலபம். அவன் விழித்துக்கொண்டே கனவு காண்கிறவன்.

இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இது வெறும் தண்ணிதானே? நம்ம குழாய்லயே வருதே."

"குழாய்ல வர்றது தூங்குற தண்ணி. இது ஐயா எழுப்பிவிட்ட தண்ணி."

"எழுப்பிவிட்டாரா? அப்ப பாத்திரம் தேய்ச்சுக் கொடுக்கச் சொல்லுங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. நம்புகிறவனிடம் நகைச்சுவை எடுபடாது.

மறுநாள் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டிய நாள். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு இணைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் மூச்சு. ஒருநாள் தவறினாலும் கால் வீங்கும், நெஞ்சு அடைக்கும். அவருக்கென்றே சேர்த்துவைத்த கொஞ்சம் பெட்ரோல் டேங்கின் அடியில் இருந்தது. இவன் அதன் தலையில் அருள் நீரைக் கவிழ்த்தான்.

வண்டி தெருமுனை தாண்டியது. "பார்த்தீங்களா அத்தை!" என்றான். மேம்பாலத்தில் பாதி ஏறியது. இருமியது. விக்கியது. நின்றது.

திருகினான், கும்பிட்டான், மறுபடி திருகினான். அசையவில்லை.

"அத்தை, கொஞ்சம் நம்புங்க. அப்பதான் கிளம்பும்."

"எதை நம்பணும்?"

"தண்ணியை."

பின்சீட்டில் மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "உடம்புக்குள்ள தண்ணி சேர்ந்துதான் எனக்கு நெஞ்சு அடைக்குது, மாப்பிள்ளை. என்னைப் போய்த் தண்ணியை நம்பச் சொல்ற ஒரே ஆள் நீங்கதான்."

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றது. உதடு வெளுத்தது. அவன் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு ஓடினான். போகிற சைக்கிளை எல்லாம் மறித்தான். கடைசியில், ஆஸ்பத்திரிச் சலவைத் துணி ஏற்றிப் போகும் பேட்டரி வண்டி ஒன்று நின்றது. மூட்டைகளுக்கு மேல் மாமியாரைக் கிடத்திக்கொண்டு போனார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைப் பொருத்திவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எங்ககிட்ட வந்திருக்கவே வேண்டாம்" என்றார் டாக்டர். டாக்ஸிக்காரன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அழுதவன் யோசித்தானா? அதுதான் இல்லை. மறுநாள் நேரே ஜலஜோதியாரிடம் போனான்.

"வண்டியில் யார் இருந்தார்கள், மகனே?"

"என் மாமியார், ஐயா."

"அவருக்கு நம்பிக்கை உண்டா?"

"அது... கொஞ்சம் கம்மிதான்."

"அதுதான்! சந்தேகப்படுகிறவர் உட்கார்ந்த வண்டியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்துவிடும். அழைத்து வா. என் வேனைத் தொட்டு மன்னிப்புக் கேட்கட்டும்."

சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின. டாக்ஸிக்காரனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. தப்பு தண்ணீருடையது இல்லை, தன்னுடையதும் இல்லை, மாமியாருடையது! ஒரு மருமகனுக்கு இதைவிட இனிப்பான விஞ்ஞானம் உலகத்தில் உண்டா?

வீட்டில் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். மனைவி கரண்டியை ஓங்கிவிட்டாள். மாமியார் அவளைக் கையமர்த்தினார்.

"உங்க ஐயாவோட தண்ணி, நம்பின உங்களையே நடுரோட்டுல விட்டுச்சு, மாப்பிள்ளை. அந்தப் பேட்டரி வண்டி என்னை நம்புறியா, நம்பலையான்னு கேட்கவே இல்லை. ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு." கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "சரி, வர்றேன்" என்றார்.

உடம்பு தேறியதும் வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவநம்பிக்கைக்காரி மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்றால் கேன் வாங்குவதைவிட அது சுவாரசியம் அல்லவா? மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, மாமியார் தன் கையாலேயே தண்ணீரை டேங்கில் ஊற்றினார். வேன் உறுமியது. சுற்றியது. ஜலஜோதியார் இன்ஜினை அணைக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க" என்றார் மாமியார்.

"ஏன் தாயே?"

"நல்லாத்தானே ஓடுது? ஓடட்டும். சுத்தக்கூட வேண்டாம், நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடட்டும். தண்ணி தீரத் தீர ஊத்திக்கலாம். வாரத்துல மூணு நாள் மெஷின் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே படுத்துக் கிடக்கிறவ நான். எனக்கு இது ஒரு சிரமமே இல்லை."

"இரும்புக்கும் ஓய்வு வேண்டும், தாயே."

"பெட்ரோல்ல ஓடுன வண்டியெல்லாம் ஊர் விட்டு ஊர் நிக்காம ஓடுச்சு. அருள்ல ஓடுறது அதைவிடக் குறைச்சலா?"

"அதானே! ஓடட்டும் ஐயா!" என்று கூட்டம் கத்தியது. கத்தியது யார்? பக்தர்கள்தான். தங்கள் ஐயாவின் பெருமையைக் காட்ட அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

ஜலஜோதியார் மணியை உருட்டினார். "சந்தேகக் கண் பட்டால் நின்றுவிடும்."

"அப்ப நான் வெளியே போயிடுறேன். நம்புறவங்க மட்டும் சுத்தி உட்காருங்க. மாப்பிள்ளை, உங்களைவிட நம்புறவர் இங்க யாரு? நீங்க சாவிக்குப் பக்கத்துலயே உட்காருங்க."

சொன்னபடியே எதிர்ப்புறம் மருந்துக்கடை வாசலுக்குப் போய் மகளோடு உட்கார்ந்துகொண்டார்.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கலப்படமில்லாத பக்தர்கள். ஜலஜோதியார் முகத்தில் மட்டும் வியர்வை. "உள்ளே போய்த் தியானம் செய்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்தார். "இங்கேயே செய்யுங்க ஐயா, எங்களுக்கும் புண்ணியம்" என்று உட்காரவைத்தார்கள். நீலப் பட்டில் சுற்றிய ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு சீடர் ஒருவர் வேனின் பின்கதவை நெருங்கினார். "உங்களுக்கு ஏன் சிரமம், நாங்க ஊத்துறோம்" என்று அவரையும் அன்போடு உட்காரவைத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பக்தியால் ஒரு மனிதனை இவ்வளவு சித்திரவதை செய்ய முடியும் என்று ஜலஜோதியார் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்.

அந்தப் பட்டுக் கேன் கடந்து போனபோது டாக்ஸிக்காரன் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. எத்தனை மாதமாக ஏங்கிய வாசனை! தண்ணீருக்கு ஏது வாசனை? சட்டென்று தலையை உதறிக்கொண்டான். சந்தேகப்படக் கூடாது. நம்பு, நம்பு, நம்பு.

வேன் இருமியது. விக்கியது. நின்றது.

டேங்க் வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இன்ஜினில் மூச்சு இல்லை.

ஜலஜோதியார் துள்ளி எழுந்தார். "இங்கே யாரோ ஒருவன் சந்தேகப்படுகிறான்! யார் அந்தப் பாவி?"

ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். டாக்ஸிக்காரன் சாவியைப் பார்த்தான். அவனுக்கு மேம்பாலம் நினைவுக்கு வந்தது. மாமியாரின் வெளுத்த உதடு நினைவுக்கு வந்தது.

"நான் நம்பினேன்" என்றான். "முழுசா நம்பினேன். என் வண்டியும் நின்னுச்சு."

"அதானே பார்த்தேன்..." என்று ஜலஜோதியார் ஆரம்பிப்பதற்குள், பால்காரர் எழுந்தார். "என் வண்டியும் நின்னுச்சு."

"என்னதும்." "என்னது கிளம்பவே இல்லை." "நான் ஆள் வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன்."

ஒருத்தர் வண்டிகூட ஓடவில்லை! தனக்குத்தான் நம்பிக்கை பத்தவில்லை என்று ஒவ்வொருவனும் வெட்கப்பட்டு, சந்து சந்தாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக்காரனிடம் "பறக்குது!" என்று அளந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் அடுத்த நாள் கேன் வாங்கியிருக்கிறான். ஜலஜோதியார் விளம்பரத்துக்கு ஏன் செலவே செய்யவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

டாக்ஸிக்காரன் வேனின் பின்சீட்டைப் பெயர்த்தான். அடியில் ஒரு தகர டேங்க். அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய். டேங்க் காலி, வாசனை மட்டும் பாக்கி. தண்ணீர் ஊற்றிய டேங்கிலிருந்து எங்கேயும் எந்தக் குழாயும் போகவில்லை.

"அது... முதல் பொறிக்கு மட்டும்" என்றார் ஜலஜோதியார். இந்தத் தடவை மணியும் உருட்டவில்லை, கோட்டையும் சரிசெய்யவில்லை.

போலீஸ் வந்தது. ஜீப்புக்குப் பெட்ரோல் இல்லாததால் ஆளை நடத்தியே கூட்டிப்போனார்கள். இதில் ஒரு மகானுபாவர் ஏட்டையாவின் பின்னாலேயே ஓடினார். "சார், மிச்சம் இருக்கிற கேனைப் பாதி விலைக்காவது தருவாங்களா?"

டாக்ஸிக்காரன் தெருவைக் கடந்து மருந்துக்கடை வாசலுக்கு வந்தான். மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீங்கியிருந்த காலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"என் புத்திகெட்டத்தனம், அத்தை. உங்க உயிரையே..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "இன்ஜினைப் பத்தி உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரிஞ்சுது?" என்றான்.

"எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. அங்கே இருந்த யாருக்கும்தான் தெரியாது." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "தெரியலைன்னா நான் கேட்பேன், மாப்பிள்ளை. நீங்கள்லாம் கும்பிடுறீங்க."