வேலு சாரின் பதின்மூன்று பேர்

ஒரு மனிதர் தங்கமானவராகவும் இருந்துகொண்டு, வாரம் தவறாமல் நம் உயிரையும் வாங்க முடியும் என்பதை கத்தாரின் ராஸ் லஃபானில் வேலு சாரிடம்தான் கண்டேன். பெயரைக் கேட்டு முருக பக்தர் என்று நினைக்க வேண்டாம். அவர் வேல்ஸ் தேசத்து வெள்ளைக்காரர். எங்கள் கேஸ் பிளான்ட்டில் கிரேன் இன்ஸ்பெக்டர். 'வேல்ஸ் சார்' என்று ஆரம்பித்தது, நம் ஆட்களின் வாயில் வேலு சார் ஆகிவிட்டது.

கதவை அடைக்கும் ஆகிருதி. அவருக்கு ஒரே லட்சியம்: கத்தாரில் ஒரு வெல்ஷ் ரக்பி லீக் கிளப். ரக்பியில் இரண்டு ஜாதி உண்டாம். பதினைந்து பேர் ஆடினால் யூனியன், பதின்மூன்று பேர் ஆடினால் லீக். அங்கிருந்த மற்ற வேல்ஸ்காரர்கள் எல்லோரும் முதல் ஜாதி. "அதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று ஒதுங்கிவிட்டார்கள். ஆகவே வெல்ஷ் கிளப்பில் வேல்ஸ்காரர் ஒருவர்தான். மீதி இடங்களுக்கு நாங்கள் அகப்பட்டோம்.

நான் திருச்சிக்காரன், பிளானிங் இன்ஜினீயர், நாற்பதைத் தாண்டியவன், தொப்பை வேறு. "சார், எனக்கு கேரம் போர்டுதான் தெரியும்" என்றேன்.

"வெரி குட், குறி தப்பாது" என்று என்னைச் செக்ரட்டரியும் ஆக்கிவிட்டார்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார். கதவு திறக்காவிட்டால் அவருடைய பாஷையில் பாட ஆரம்பிப்பார்.

"ஏங்க, போய்த் தொலைங்க. பக்கத்து வீட்டு எகிப்துக்காரர் முழிச்சுட்டாரு" என்று என் மனைவியே ஷூவை எடுத்துக் கொடுப்பாள்.

மணலில் முதலில் விழக் கற்றுக்கொடுத்தார். விழுந்தோம். பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும், ஆனால் ஓட வேண்டியது முன்னால். ஏன் என்று கேட்டால், அரபியில் "யல்லா, யல்லா" என்று விரட்டுவார். அதற்கு மேல் விளக்கம் மாஃபி.

எங்கள் ஒரே நம்பிக்கை எலக்ட்ரீஷியன் சூசை. குளச்சல் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. அலையில் கட்டுமரம் தள்ளிய தோள்.

மொத்தம் ஒரே ஒரு மேட்ச் ஆடினோம், தோஹாவில், ஆஸ்திரேலியர்களோடு. முதல் பாதியில் நாங்கள் பந்தைத் தொட்டதெல்லாம் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கத்தான். இரண்டாம் பாதியில் எப்படியோ அது சூசையிடம் வந்தது. மூன்று பேரை இடுப்பில் தொங்கவிட்டபடியே ஓடி, கோட்டைத் தாண்டி விழுந்தான். பாயிண்ட் கிடைத்தது. வேலு சார் அழுதேவிட்டார். ஆனால் சூசை எழவில்லை. தோள்பட்டையில் காறையெலும்பு முறிந்திருந்தது.

வேலு சார் லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினார். அவன் அம்மாவுக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் தமிழில் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் டீ வாங்கப் போன நேரம் சூசை என்னிடம் சொன்னான்: "எண்ணே, ஒடிஞ்சது எனக்கு. ஆனா அவருதான் உறக்கமில்லாம கெடக்காரு. நீங்க ஏதாச்சும் சொல்லுங்க."

கிளப் எப்போது ஒழியும் என்று காத்திருந்த நான், அவர் திரும்பி வந்ததும் சொன்னேன்: "சார், இவனுக்குச் சரியானதும் மறுபடி ஆரம்பிப்போம்."

"கலாஸ்" என்றார், முடிந்தது என்பதுபோல் கையை விரித்து. "இவன் தோளைவிட கிளப் பெரிசில்லை."

ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை அந்தக் கிளப்.

பின்னர் கான்ட்ராக்ட் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பியபோது, சூசையும் நானும் விமான நிலையத்துக்குப் போனோம். எலும்பு கூடி எத்தனையோ மாதம் ஆகியிருந்தும், சூசையை முறியாத பக்கமாகப் பார்த்து மெல்லக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்தச் சலுகை இல்லை. விலா நொறுங்க இறுக்கினார். வலித்தது; நானும் என் பங்குக்கு இறுக்கினேன்.