முன்னறைக்கு எட்டு மார்க்

முன்னறையை உயிர் உள்ளவரை விட்டுக்கொடுப்பதில்லை என்று வாத்தியார் சபதம் எடுத்தபோது அவருடைய தட்டில் ஒரு குண்டூசி கிடந்தது.

"இது என்ன?"

"குண்டூசி."

"அது தெரியுது. நான் முழுங்கியிருந்தா?"

"எண்ணித்தான் வைக்கிறேன். ஒண்ணு குறைஞ்சா முதல்ல உங்களைத்தான் குலுக்கிப் பார்ப்பேன்" என்றாள் மனைவி.

அவள் தையல்காரி. சாப்பாட்டு மேசைதான் அவளுக்குக் கடை. ஒரு முனையில் தையல் மெஷின், மறுமுனையில் தட்டுகள், நடுவில் ஊரார் சட்டைகள். துணி கொடுக்க வருகிறவர்கள் பின்வாசல் வழியாக, குளியலறையைத் தாண்டித்தான் வரவேண்டும். போன வாரம் ஒருவர் கோட்டு தைக்கக் கொடுக்க வந்தபோது வாத்தியார் இடுப்பில் துண்டோடு எதிரே நின்றார். வந்தவர் வணக்கம் சொன்னார். பதில் வணக்கம் சொல்ல வாத்தியாருக்கு இரண்டு கையும் ஒழியவில்லை.

"தெருவைப் பார்த்த அறையைக் கொடுத்துட்டீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல. உங்க மானமும் மிச்சம்."

"அது நான் திருத்துற அறை."

திருத்துவது என்றால் விடைகளைத் திருத்துவது. அவர் ஒரு கல்லூரியில் சாயங்கால வகுப்பு எடுப்பவர். பாடம், சிறுதொழில் நடத்தும் முறை. மாணவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டிலிருந்தே எழுதி, கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். வாத்தியார் அதிலேயே உட்கார்ந்து திருத்தமாட்டார். அவர் உள்ளே நுழைந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். எரிந்த மறுநொடி, "சார், இருக்கீங்களா? என்னுதைப் பார்த்தாச்சா? கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே எல்லா விடைகளையும் ஒரே மூட்டையாக டவுன்லோடு செய்துகொள்வார். கூடவே மார்க் போடும் தாளையும் இறக்கிக்கொள்வார். நெட் வயரைப் பிடுங்குவார். திருத்தி முடித்து, வயரைச் செருகி, தாளைத் திரும்ப ஏற்றினால் எல்லாருடைய மார்க்கும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ஆஃப்லைன்!" என்று இதைப் பற்றிப் பெருமையடிப்பார். "நெட் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பஸ்ல உட்கார்ந்து திருத்தலாம். மரத்தடியில திருத்தலாம்."

மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

அன்றைக்கு, குண்டூசியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாத்தியார் பெரிய வார்த்தை ஒன்றை விட்டார்.

"கடை வைக்கறதுன்னா சும்மாவா? அதுக்குன்னு படிப்பு இருக்கு."

"எங்க?"

"என் வகுப்புல."

"அப்ப சேர்ந்துடறேன்."

வாத்தியார் சிரித்தார். "சேரு! என் கையால பத்துக்கு எட்டு மார்க் வாங்கிடு. முன்னறை உனக்கு."

மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டை வாங்கிப் போக அந்த நேரத்தில் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. "நான் சாட்சி சார்" என்றார் டாக்டரம்மா. "வாயைத் திறந்தவங்களை நான் சும்மா விடறதில்ல."

வாத்தியார் அதற்கும் அசரவில்லை. அவருடைய பட்டப்பெயர் அரை மார்க். அரை அரையாகக் கொடுப்பார், அரை அரையாகப் பிடுங்குவார். ஒன்பதரைக்கு மேல் ஒருவருக்கும் போட்டதில்லை. போட்ட மார்க்கை யார் வந்து அழுதாலும் மாற்றியதில்லை. இன்னொரு கொள்கையும் உண்டு. பெயரைப் பார்த்து மார்க் போடக்கூடாது. அதற்காகக் கல்லூரி அலுவலகத்தோடு ஒரு வருஷம் சண்டை போட்டு, விடைகளில் பெயரை மறைத்து எண் மட்டும் தெரியும்படி செய்துவைத்திருந்தார். மார்க்கை வெளியிட்ட பிறகுதான் எந்த எண் யார் என்று தெரியவரும்.

மனைவி சேர்ந்தாள். பாடங்களைப் படித்தாள். மெஷின் ஓடும்போது புத்தகத்தைத் துணிக் கத்திரிக்கோலால் விரித்து வைத்திருப்பாள். வாத்தியாரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பரீட்சைக்குப் பதிலாக ஒரு கேள்வி கொடுத்திருந்தார். 'உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தை ஒரு சிறுதொழிலுக்கு எப்படிப் பயன்படுத்தலாம்? ஆட்களைக் கற்பனை செய்துகொள்ளலாம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பியோடு முன்னறையில் உட்கார்ந்தார். மூட்டையை இறக்கினார். வயரைப் பிடுங்கினார். நேர்மையாகத் திருத்துவதாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் நாற்காலி கொஞ்சம் ஆடியது. ஜன்னல் வழியாக வெயில் முதுகில் இதமாக விழுந்தது. இந்த நாற்காலி, இந்த வெயில், இந்தக் கதவைச் சாத்திக்கொள்ளும் சுகம், எல்லாம் ஒரு எட்டு மார்க்கில் போய்விடும். அவளுடைய விடை எது என்று தெரிந்துகொண்டால் தப்பா? சும்மா, தெரிந்துகொள்ள.

தேடினார். பதினொன்றாம் எண்ணில் கிடைத்தது. 'எனக்குத் தையல் தெரியும். பட்டனுக்குக் காஜா எடுக்கும் மேசை ஜன்னலுக்கு இடப்பக்கம் இருக்கவேண்டும்...'

"மாட்டிக்கிட்டா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"என்னங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. காப்பி நல்லா இருக்கு."

படித்தார். நன்றாக இருந்தது. அதுதான் சங்கடம். ஒன்பது போடவேண்டிய விடை. நாலு என்று அடித்தார். கை கூசியது. ஆறாக்கினார். மனசு கேட்கவில்லை. ஏழாக்கினார். கடைசியில் ஏழரையில் நிறுத்தி, 'இன்னும் ஆழம் தேவை' என்று எழுதினார். எட்டுக்கு அரை மார்க்தான் குறைவு. அரை மார்க்கில் என்ன பாவம் வந்துவிடப்போகிறது?

அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்தடுத்து எல்லாருக்கும் தாராளமாகப் போட்டுக்கொண்டு வந்தார். இருபத்தேழாம் எண்ணுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'நான் சைக்கிள் பழுது பார்ப்பவன். என் வீட்டில் தெருவைப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு வேளை அதில் என் மனைவி உட்காருகிறாள். மற்ற வேளையெல்லாம் அவளுடைய நாற்காலி உட்கார்ந்திருக்கிறது. நான் சமையலறையில் செயின் கழற்றுகிறேன். போன வாரம் அவள் தட்டில் ஒரு சைக்கிள் பேரிங் குண்டு கிடந்தது. என்னைத் திட்டினாள். அறையைத் தரவில்லை.'

வாத்தியாருக்கு நெஞ்சு பொங்கியது. "இந்தா, இங்க வா! இதைக் கேளேன்."

மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கதவருகே நின்றாள். அவர் உரக்கப் படித்துக் காட்டினார்.

"என்ன பொம்பளை இவ! புருஷன் வயித்துப் பிழைப்புக்கு ஒரு அறை கேட்டா தரமாட்டாளாம். நாற்காலி உட்கார்ந்திருக்குதாம்!"

"அநியாயம்ங்க."

"இந்த ஆளோட மூளையைப் பாரு. வெளிச்சம் காலையில எதுவரைக்கும் விழுது, சாயங்காலம் எதுவரைக்கும் விழுதுன்னு அளந்திருக்கான். வர்றவங்க எங்க நிப்பாங்க, மழை பெஞ்சா குடையை எங்க வைப்பாங்க, எல்லாம் யோசிச்சிருக்கான். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு விடை நான் பார்த்ததில்ல."

"பாவம், அந்த மனுஷனுக்கு யாராவது நியாயம் சொன்னா நல்லாயிருக்கும்."

"நான் சொல்றேன்!"

பத்துக்குப் பத்து போட்டார். வாழ்நாளில் முதல் பத்து. கீழே எழுதினார்: 'இந்த அறையை உங்களுக்கு உடனே ஒதுக்கவேண்டும். இதில் மறுபேச்சுக்கு இடமே இல்லை. மறுப்பவர் சுயநலக்காரர்.'

"கடைசி வரி கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும். அவளுக்கு உறைக்கணும்."

வயரைச் செருகினார். தாளை ஏற்றினார். வெளியிடு என்பதை அழுத்தினார். உள்ளே மேசைமேல் மனைவியின் போன் 'டிங்' என்றது. திரையில் எண்கள் மறைந்து பெயர்கள் வந்தன.

பதினொன்றாம் எண்: யாரோ ஒருவர். தொழில், தீயணைப்பு வண்டி ஓட்டுநர். வேலை இல்லாத நேரத்தில் தையல்.

இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே, கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த பெயர்.

காப்பி டம்ளர் காலியாக இருந்தும் எடுத்துக் குடித்தார்.

"மார்க் வந்துடுச்சுங்க" என்றபடி மனைவி உள்ளே வந்து ஜன்னலின் அகலத்தை நாடாவால் அளக்க ஆரம்பித்தாள்.

"இது மோசடி! நீ எங்க சைக்கிள் ரிப்பேர் பண்ணே?"

"ஆட்களைக் கற்பனை செய்துகொள்ளலாம்னு நீங்கதானே போட்டிருந்தீங்க? இடம் தெரிஞ்ச இடம்தான்."

"நேரா தையல்னே எழுதியிருக்கலாமே!"

"எழுதியிருப்பேன். தேடிக் கண்டுபிடிச்சுடுவீங்களே."

"நானா? பேரை மறைச்சு வைக்கச் சொல்லிச் சண்டை போட்டவன் நான்! அந்தத் தையல் விடை உன்னுதுன்னு நினைச்சுத்தான்..." அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாடா நின்றது. "எந்தத் தையல் விடை?"

வாத்தியார் நாற்காலியின் கையைத் தடவினார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஏழரை."

"எவ்வளவு போட்டிருக்கணும்?"

"ஒன்பது."

அவள் கோபப்படவில்லை. அவர் மாட்டிக்கொள்வதே அதனால்தான். "முதல்ல அந்த ஒன்றரையைக் கொடுத்துடுங்க. அப்புறம் மேசையைத் தூக்கலாம்."

போட்ட மார்க்கை மாற்றாதவர் தாளைத் திறந்து ஒன்பதாக்கித் திரும்ப ஏற்றினார். தளம் மறுத்தது. 'இங்கே இருக்கும் மார்க் உங்கள் தாளை விடப் புதியது. மாற்றவில்லை' என்றது.

"பார்த்தியா, கம்ப்யூட்டரே வேண்டாங்குது."

"கீழ சின்னக் கட்டம் ஒண்ணு இருக்கு பாருங்க. 'இருந்தாலும் மாற்று'ன்னு. அதுல டிக் பண்ணுங்க."

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன்."

டிக் செய்தார். ஏழரை ஒன்பதாயிற்று. என்னவோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இருபத்தேழாம் எண்ணை இன்னொரு முறை திறந்து படித்தார். இப்போதும் பத்துதான் போடத் தோன்றியது. குடைக்குக்கூட இடம் யோசித்திருக்கிறாளே!

"சரி, நான் எங்க உட்கார்ந்து திருத்தறது?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"மரத்தடியில கூட திருத்தலாம்னு சொல்வீங்களே. அதைவிட நல்ல இடம் தர்றேன்."

மாசம் திரும்புவதற்குள் கடைக்குக் கூட்டம் தாங்கவில்லை. மழை பெய்த அன்று குடைகளெல்லாம் விடையில் சொன்ன மூலையிலேயே நின்றன. ஒன்பது மார்க்குக்கு நன்றி சொல்ல வீடு தேடி வந்த தீயணைப்பு வண்டி ஓட்டுநர், மெஷின் சத்தத்தைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். ஓய்வு நாட்களில் இரண்டாவது மெஷின் அவருடையது. துணியைப் போட்டுப் பார்க்கும் மறைப்புக்குள், முக்காலியில், மடியில் கம்ப்யூட்டரோடு வாத்தியார் திருத்துகிறார். ஆள் வந்தால் எழுந்து வெளியே வருவார். வந்து நிற்கும் நேரத்தில், மனைவி துணியை ஒரே இழுப்பில் நேராக வெட்டுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய்ப் பார்க்கத்தான் அவருக்கு ஆசை.

ஓட்டுநர்தான் விடமாட்டார்.

"சார், வெளிச்சத்தை மறைக்கிறீங்க. அரை அடி தள்ளி நில்லுங்க."