டெல்பர்ட்டின் செம்புக் குண்டு

ஒஹையோ பக்கம் நாய்ப் போட்டி நடந்தால் கூட்டம் நாய்களைப் பார்க்க வருகிறது என்று நினைக்காதீர்கள். டெல்பர்ட் க்ரௌஸின் கூடாரத்துக்குத்தான் வருகிறது. பெட்டை நாயின் ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் தடவி, நாயின் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். நூலில் கட்டிய செம்புக் குண்டை அதன் மேல் ஆட்டுவார். எந்த நாளில் இணை சேர்ப்பது, எத்தனை குட்டி பிறக்கும், எல்லாம் வந்துவிடும். கூடாரம் முழுக்கப் பிறந்த குட்டிகளின் படங்கள். பிறக்காத குட்டிகளை யார் படம் எடுப்பது?

லோர்னா ஸ்டாடர்டின் பெட்டை நாய் மேபிள், அவர் சொன்ன நாளில் இரண்டு பருவம் சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை.

"நீங்க சந்தேகப்பட்டீங்கம்மா, குண்டு கோவிச்சுக்கிச்சு" என்றார் டெல்பர்ட்.

மேபிளுக்கு வயது ஆறு. இந்தப் பருவமும் தவறினால் அப்புறம் குட்டியே கிடையாது. அதனால் இந்த முறை லோர்னா கால்நடை மருத்துவர் ப்ரூயிட்டிடம் போனாள்.

"ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் எவ்வளவுன்னு ஆய்வகத்துல பாத்துடலாம். அது ஏறுறதை வச்சு கருமுட்டை வர்ற நாள் தெரிஞ்சிடும். ஒரு தடவை பாத்தா பத்தாது, ஒருநாள் விட்டு ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

"எத்தனை குட்டின்னு சொல்லுமா டாக்டர்?"

"சொல்லாது. தெரியாததை அது சொல்லவே சொல்லாது."

மூன்றாவது சோதனையில் அளவு ஏறியிருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை சேர்க்கச் சொன்னார் மருத்துவர்.

அதற்கு முந்தின சனிக்கிழமை லோர்னா மூன்று அட்டைகளோடு டெல்பர்ட்டின் வரிசையில் நின்றாள். குண்டு ஆடியது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

"மேபிளா, இன்னைக்கே சேத்துடுங்க. ஹனிக்கு அவசரமில்ல, அடுத்த ஞாயிறு போதும். இந்த ரூபி இருக்காளே, ராசிக்காரி. வியாழக்கிழமை. ஏழு குட்டி, சுகப்பிரசவம்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

"மேபிளும் ஹனியும் ஒரே நாய்தான். ஒரே ஊசியில எடுத்த ரத்தம்" என்றாள் லோர்னா. "ரூபியும் இங்கதான் இருக்காரு. ஏங்க, கொஞ்சம் எழுந்திருங்க."

கட்டைவிரலில் கட்டுப்போட்டிருந்த அவள் கணவர் எவரெட் எழுந்து தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"ஏழா? ஏற்கெனவே எனக்கு முதுகுவலி."

கூடாரம் அதிரச் சிரித்தது.

"சந்தேகக்காரங்க ரத்தம் குண்டைக் குழப்பிடும்" என்றார் டெல்பர்ட்.

"குழம்பட்டும். நாயா மனுஷனான்னாவது சொல்லியிருக்கலாமே."

அன்று மாலைக்குள் கூடாரம் சுருட்டப்பட்டது. மருத்துவர் சொன்ன செவ்வாயில் சேர்ந்த மேபிள், இரண்டு மாதத்தில் ஐந்து குட்டி போட்டாள். லோர்னா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள். வியாழக்கிழமைகள் பல போயும் எவரெட்டுக்கு ஒரு விசேஷமும் இல்லை.

டெல்பர்ட் இப்போது பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறார். அங்கேயும் வரிசைதான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு நாய் பூட்டிக் கிடந்தால் கண்ணாடியை உடைத்துக் காப்பாற்றுகிற நல்ல ஜனங்கள் இவர்கள். தங்கள் மூளையை வண்டிக்குள் பூட்டிவிட்டு வந்துதான் வரிசையில் நிற்கிறார்கள். ஐயா, அம்மா, முதலில் அந்தக் கண்ணாடியை உடையுங்கள்.