பேய்க்கும் மாமனாருக்கும் ஒரே வாசல்

எங்கள் கொங்குப் பக்கம் வீட்டுக்கு வந்தவரை அடித்துவிட்டால்கூட சமாதானம் பேசலாம். 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இது தெரிந்தும் அந்தச் சொல்லுக்கே தடை போட்ட மேதை நான்.

பனியன் கம்பெனி லீவு நாளில் நானும் தங்கை கவிதாவும், என்னோடு வேலை பார்க்கும் தூத்துக்குடி அருளும் ஒரு விளையாட்டு ஆடுவோம். கவிதா கதை சொல்வாள். அதில் நானும் அருளும் வீரர்கள். பிழைப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. திகில் பத்தவில்லை என்று நான் ஒரு வீட்டு விதி சேர்த்தேன்: ஆட்டம் முடியும்வரை இந்த அறையில் யார் எதைச் சொன்னாலும் கதைக்குள்ளும் சொன்னதாகவே கணக்கு. (இன்றைக்கும் சொல்கிறேன், அருமையான விதி.)

அன்று கதையில் பாழடைந்த பங்களா. வாசலில் பேய். யாராவது 'வாங்க' என்றால்தான் அதனால் உள்ளே வர முடியும். வந்தால் மாதக்கணக்கில் வளர்த்த எங்கள் வீரர்கள் காலி. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கதவு தட்டப்பட்டது. நிஜக் கதவு.

மூலனூரிலிருந்து என் வருங்கால மாமனார், கையில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு நின்றார். நிச்சயம் முடிந்து முதல்முறை வருகிறார்.

நான் எழுந்து கும்பிட்டேன். நாற்காலியைக் காட்டினேன். பல்லைக் காட்டினேன். வாயை மட்டும் திறக்கவில்லை. கவிதாவும் அருளும் சிலையாக இருந்தார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, வரலாமுங்களா?"

தலையை ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. முருங்கைக்காயை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். கல்யாணமே படியிறங்கிப் போவது தெரிந்ததும் எனக்கு உயிர் போனது.

"மாமா, வாங்க! உள்ளே வாங்க!"

அவர் திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்தார்.

"பேய் உள்ள வந்துருச்சுங்ண்ணா," என்றாள் கவிதா, விதி தவறாமல்.

"ஏல, ஒரு வார்த்தையில எல்லாரையும் கொன்னுட்டியே," என்று அருள் தலையில் கை வைத்தான்.

அதன்பின் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை காப்பி போட வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. போகும்போது பகடையை மட்டும் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை மாமனார் எங்கள் வீட்டுக்குள் நேராக நுழைந்ததில்லை. வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார்:

"பேய் வந்திருக்குதுங்க மாப்பிள்ளை. வரலாமுங்களா, இல்ல, பகடை போட்டுப் பாக்கோணுமுங்களா?"