மார்க்கண்டரின் இலைக் கிடாய்

ஆட்டிறைச்சியை விடச் சொல்லி டொக்டர் சொன்ன அன்றைக்கே, விடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார் இணுவில் மார்க்கண்டர். வழி கைத்தொலைபேசியில் கிடைத்தது.

“இஞ்சேரும் இராசமலர், பிழை ஆட்டிலை இல்லை, அதுக்குப் போடுற தீனியிலை. தவிடும் கடைத்தீனும் திண்டால் கெட்ட கொழுப்பு. பச்சை இலை திண்டால் நல்ல கொழுப்பு. தீபாவளிக்கு நானே கிடாய் வளர்க்கப் போறன். இலையைத் தவிர வேறை ஏதும் அதின்ரை வாயிலை பட்டால், அந்த இறைச்சியைத் தொடன்!”

“சத்தியமோ?”

“சத்தியம்.”

“ஓம்” என்றாள் மனைவி. அவ்வளவு சுலபமாக அவள் ஓம் சொன்னதும் மார்க்கண்டர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கறுத்தக் கிடாய் வந்தது. பின்னேரங்களில் நுனியில் கத்தி கட்டின கொக்கத்தடியோடு வேலி வேலியாகத் திரிந்து முருங்கை, அகத்தி, முசுட்டை என்று பிஞ்சு இலையாய் வெட்டி, ஆட்டுக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டுக் கோயிலுக்குப் போவார். விடியப் பார்த்தால் இலை இராது. ஒரு காம்புகூடக் கீழே கிடக்காது. கட்டின கயிறு மட்டும் வடிவாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்.

எந்த ஆடு கயிறு சுருட்டும்?

கிடாயோ தாடியை அசைத்து அசைத்து அவரை மேலும் கீழும் அளந்தது. அது கொழுக்கக் கொழுக்க, இவர் வற்றினார். சாரம் இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் கிட்டப் போய் முகர்ந்தார். அதன் மூச்சில் புட்டும் முட்டைப்பொரியலும் மணத்தன! டொக்டரைக் கண்டதிலிருந்து அவர் கண்ணாலும் காணாத சாப்பாடு. அவருக்குக் கிடைப்பதெல்லாம் இலைக்கஞ்சியும் கீரை வறையும்தான்.

ஊருக்குக் கிடாய் அடித்துப் பங்கு போடும் பக்கத்து வீட்டுப் பார்த்தீபனிடம் ஓடினார்.

“டேய், அது என்னைத் தின்னுதடா!”

பார்த்தீபன் சிரிக்கவில்லை. “அண்ணை, உது ஆரும் வைரவருக்கு நேர்ந்துவிட்ட கிடாயோ தெரியாது. கவனம்.”

அன்று, தீபாவளிக்கு முதல்நாள், விளக்கு வைக்கிற நேரம் கோயிலுக்குப் போகாமல் கிணற்றடியில் பதுங்கினார். பனைகள் உரசின. கொட்டிலுக்குள் வெள்ளையாய் ஒன்று நுழைந்தது. இலைக்கட்டு மெல்லக் கீழே இறங்கியது.

“தின்னு ராசா” என்றது ஒரு குரல். “அவருக்குத் தெரியாது.”

“வைரவா!” என்று கத்தினார். வெள்ளை உருவம் திரும்பியது. வெள்ளைச் சோட்டிச் சட்டையோடு இராசமலர்! ஒரு கையில் புட்டுச் சட்டி, மற்றக் கையில் அவருடைய முருங்கையிலை.

“அட, நீரோ! அப்ப நான் வெட்டின இலையெல்லாம் எங்கை?”

“உங்கடை வயித்துக்குள்ளைதான். நேற்று வறையை ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினனீங்கள் எல்லே? இலை திண்டால் நல்லதெண்டு சொன்னது நீங்கள்தானே. எனக்குக் கிடாயின்ரை உடம்போ பெரிசு, உங்கடை உடம்போ?”

மார்க்கண்டருக்குக் கோபம் பாதி வந்து, நெஞ்சு இளகி, அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“தீபாவளிக்கு என்ரை பங்கு?”

“கிடாய் புட்டெல்லே திண்டது. சத்தியம் பண்ணினனீங்கள்.”

தீபாவளி மத்தியானம் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கறுத்தக் கிடாயின் கறி மணத்தது. பார்த்தீபன் அவர் முன்னாலேயே எலும்பு உறிஞ்சினான். மார்க்கண்டரின் வாழையிலையில் பச்சையாய் ஒரு குவியல் விழுந்தது.

“யோசிக்காமல் சாப்பிடுங்கோ” என்றாள் இராசமலர். “நல்ல பிஞ்சு இலை. கிடாய்க்கெண்டு நீங்களே பாத்து வெட்டினது.”